கினிப்பன்றியின் கட்டி சொல்லும் வரலாறு

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரைப் பக்கமாகப் பழனி மலையில் ஏறினால் அடுக்கம் என்னும் ஊர் வரும். அதற்கும் மேலே பெருமாள்மலை, பிறகு கொடைக்கானல். மலையின் மேற்பகுதியில் உள்ள பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி போன்ற ஊர்களில் உருளைக்கிழங்கு பயிராகிறது. இது நம் மண்ணின் பயிர் அன்று; தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து ஐரோப்பியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே ஆண்டீஸ் மலையில் பிறந்து உலகெங்கும் பரவிய சிறு விலங்கு ஒன்றும் உண்டு. அதுதான் கினிப்பன்றி.

அடுக்கத்தில் உங்கள் வீடு இருப்பதாகவும், அங்கே ஒரு சோடிக் கினிப்பன்றிகளை நீங்கள் வளர்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒருநாள் அவற்றில் ஒன்றின் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் தட்டுப்படுகிறது. இது என்ன? ஊசியால் குத்திப் பிதுக்கலாமா? சென்ற மாதம் உங்களுக்குத் தொண்டைப்புண் வந்தபோது வாங்கிய மாத்திரையில் மீதி இருக்கிறதே, அதில் ஒரு துண்டு கொடுக்கலாமா?

சின்னக் கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு விடை தேடிப் புறப்பட்டால், மருத்துவ வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகள் சிலவற்றைத் தொட்டுக்கொண்டே செல்ல வேண்டியிருக்கும். சென்னையில் உள்ள கிண்டியும் சேத்துப்பட்டும்கூட அந்த வழியில் வருகின்றன.

பெயரும் பிறப்பும்

கினிப்பன்றி, பன்றி இனத்தைச் சேர்ந்தது அன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து வந்ததும் அன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போல இதுவும் ஒரு கொறிவிலங்கு. சிலர் இதனைக் கினி எலி என்றும் சொல்வர். ஆண்டீஸ் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டு விலங்காகப் பழக்கிவிட்டார்கள். அவர்கள் மொழியில் இதன் பெயர் 'குய்'. உணவுக்காக வளர்த்தார்கள், நோயாளியின் உடல்மீது இதைத் தடவி நோயை இறக்கும் வழக்கமும் அங்கே உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவை அடைந்தது. சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1554ஆம் ஆண்டிலேயே இதனை வருணித்து எழுதினார்.

சாதுவான குணம், சிறிய உடல், எளிய தீனி. இவற்றால் ஐரோப்பிய வீடுகளில் செல்லப் பிராணி ஆயிற்று. அதே காரணங்களால் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது.

பழுத்ததும் பழுக்காததும்

கட்டிகளைப் பற்றி நம் முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தனர். தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் என்று பாருங்கள்! சீழ் கோத்தது சீழ்க்கட்டி. உள்ளே நீர் நிறைந்தது நீர்க்கட்டி. தோலுக்கடியில் வலியின்றி மெல்ல வளர்வது கழலை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் 'நெறி கட்டுகிறது' என்கிறோம். நிணநீர்க் கணு வீங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். கட்டி 'பழுக்கிறது', பிறகு 'உடைகிறது' என்னும் பேச்சிலேயே அதன் வளர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

சுசுருத சம்ஹிதை இதை முறைப்படுத்திச் சொல்கிறது. முதிராத கட்டி, முதிர்ந்துகொண்டிருக்கும் கட்டி, முதிர்ந்த கட்டி என மூன்று நிலைகளை அந்நூல் வேறுபடுத்துகிறது. முதிராததைக் கீறும் மருத்துவனையும், முதிர்ந்ததைக் கீறாமல் விட்டுவிடும் மருத்துவனையும் அது ஒருசேரக் கண்டிக்கிறது. எப்போது கீற வேண்டும் என்பதுதான் கலை என்று பண்டைய மருத்துவர்கள் கண்டுகொண்டனர்.

ஆனால் கட்டி ஏன் வருகிறது? சீழ் என்பது என்ன? இக்கேள்விகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உறுதியான விடை இல்லை. காயம் ஆறும்போது சீழ் வருவது இயற்கை என்றும், நல்ல சீழ் நல்ல அறிகுறி என்றும்கூட ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பலர் நம்பி வந்தனர்.

அபர்டீன் மருத்துவரின் சோதனை

ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்னும் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் காக்கலாம் என்று லிஸ்டர் சொன்னதை ஆர்வத்தோடு ஏற்றவர் அவர். கிருமி நாசினியால் சீழைத் தடுக்க முடிகிறது என்றால், சீழுக்குக் காரணம் கிருமியாகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் அந்தக் கிருமி எங்கே?

உடையாத கட்டி ஒன்றைக் கீறி, அதன் சீழைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். உருண்டையான நுண்ணுயிர்கள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. சில மணி கோத்ததுபோல் வரிசையாக இருந்தன. சில திராட்சைக் குலைபோல் திரண்டிருந்தன. குலைபோல் இருந்தவற்றுக்குக் கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று பின்னர்ப் பெயரிட்டார்.

சீழில் கிருமி இருக்கிறது என்பது மட்டும் போதாது. கிருமிதான் சீழை உண்டாக்கியது என்று காட்ட வேண்டும். சீழ் வந்தபின் கிருமி குடியேறியிருக்கலாம் அல்லவா? எனவே ஆக்ஸ்டன் அந்தச் சீழைக் கினிப்பன்றிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் தோலடியில் செலுத்தினார். அவற்றின் உடலில் புதிய கட்டிகள் தோன்றின. அக்கட்டிகளிலும் அதே கிருமிகள் இருந்தன. சூடேற்றியோ கார்பாலிக் அமிலம் சேர்த்தோ கிருமிகளைக் கொன்றபின் செலுத்தினால் கட்டி வரவில்லை. 1880ஆம் ஆண்டு பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர் மாநாட்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். சீழ் இயற்கையின் நற்குறி அன்று, தொற்றின் விளைவு என்பது அன்று முதல் நிலைபெறத் தொடங்கியது. அந்த உண்மையைத் தன் தோலில் ஏந்திக் காட்டியது கினிப்பன்றி.

சுடாத கட்டியின் புதிர்

ஆக்ஸ்டனுக்கு ஒரு புதிர் மிஞ்சியது. சில கட்டிகள் சிவப்பதில்லை, சுடுவதில்லை, வலிப்பதும் குறைவு. மாதக்கணக்கில் மெல்ல வளரும். இவற்றைக் 'குளிர்ந்த கட்டிகள்' என்று மருத்துவர்கள் அழைத்தனர். இவற்றின் சீழில் அவர் கண்ட உருண்டைக் கிருமிகள் இல்லை.

விடை விரைவில் வந்தது. 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். குளிர்ந்த கட்டிகளில் பெரும்பாலானவை காசநோயின் வேலை. சாதாரணச் சாயத்தில் அந்தக் கிருமி தெரியாது. ஆகவேதான் ஆக்ஸ்டன் கண்ணுக்கு அது சிக்கவில்லை. காக்கின் சோதனைகளிலும் கினிப்பன்றியே முன்நின்றது. சிறிதளவு காசநோய்க் கிருமி புகுந்தாலும் அதற்கு நோய் உறுதி. இதனால் நெடுங்காலம், ஒருவருக்குக் காசநோய் உண்டா என்று ஐயம் வந்தால் அவர் சளியைக் கினிப்பன்றிக்குச் செலுத்திப் பார்ப்பதே சோதனையாக இருந்தது.

காக் மற்றொன்றையும் கவனித்தார். நலமான கினிப்பன்றியின் தோலில் கிருமியைச் செலுத்தினால், ஊசிக்காயம் மூடிக்கொள்ளும். பத்துப் பதினான்கு நாள் கழித்து அங்கே கெட்டியான முடிச்சு ஒன்று தோன்றிப் புண்ணாகும். விலங்கு சாகும்வரை அது ஆறாது. ஆனால் ஏற்கெனவே காசநோய் கண்ட கினிப்பன்றிக்குச் செலுத்தினால், இரண்டொரு நாளில் அந்த இடம் கறுத்துத் தோல் கழன்று விழும். புண்ணும் விரைவில் ஆறிவிடும். உடல் கிருமியை 'அடையாளம் கண்டுகொண்டது' என்பதே இதன் பொருள்.

இதைக் கொண்டு காசநோய்க்கு மருந்து காணலாம் என்று அவர் நம்பினார். 1890ஆம் ஆண்டு, கினிப்பன்றிகளைக் காக்கும் பொருள் ஒன்றைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். உலகமே பெர்லினுக்கு ஓடியது. ஆனால் மனிதரிடம் அந்த 'டியூபர்குலின்' நோயைக் குணப்படுத்தவில்லை. சிலருக்குக் கேடும் விளைவித்தது. பிற்காலத்தில் நோய்த்தொற்றைக் கண்டறியும் தோல் சோதனையாக மட்டுமே அது பயன்பட்டது. கினிப்பன்றி வேறு, மனிதன் வேறு என்னும் பாடத்தை உலகம் பெரும் ஏமாற்றத்தோடு கற்றது.

கிண்டியும் சேத்துப்பட்டும்

உங்கள் இடது மேற்கையைப் பாருங்கள். சிறு வட்டத் தழும்பு ஒன்று இருக்கக்கூடும். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு அது. ஊசி போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு முடிச்சு எழுந்து, சற்றே சீழ் கோத்து, உடைந்து, ஆறியதன் அடையாளம். அதாவது, நீங்களும் ஒரு சிறு கட்டியைச் சுமந்தவர்தாம்!

பிரான்சு நாட்டின் கால்மெத், கெரேன் இருவரும் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் வளர்த்து வளர்த்து வலுக்குறைத்து உருவாக்கியது இத்தடுப்பூசி. 1921இல் முதன்முதலாக மனிதருக்குத் தரப்பட்டது. நம் நாட்டில் இதனைத் தயாரிக்க 1948ஆம் ஆண்டு கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் தொடங்கப்பெற்றது. தடுப்பூசியில் வீரியமுள்ள கிருமி கலந்துவிடவில்லை என்று உறுதி செய்வது எப்படி? உலக சுகாதார நிறுவனம் வகுத்த பழைய முறைப்படி, குறைந்தது 6 கினிப்பன்றிகளுக்கு அதனைச் செலுத்தி 6 வாரங்கள் கவனிக்க வேண்டும். அவற்றின் உடலில் காசநோய் தோன்றாவிட்டால்தான் மருந்து வெளியே போகும்.

சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பெற்றது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. அங்கே சிகிச்சை பெற்ற நோயாளிகளின் கிருமிகளையும் இங்கிலாந்து நோயாளிகளின் கிருமிகளையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி ஒப்பிட்டனர். 1960இல் வெளியான முடிவு வியப்பளித்தது. தென்னிந்தியக் கிருமிகள் பொதுவாகக் கினிப்பன்றிகளில் குறைந்த அளவே நோயை உண்டாக்கின. ஆயினும் சென்னை நோயாளிகளின் நோய் எளியதாகவா இருந்தது? இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வும் இதே பாடத்தைத் தந்தது. கினிப்பன்றியை நன்கு காத்த தடுப்பூசி, அங்கே பெரியவர்களை நுரையீரல் காசநோயிலிருந்து காக்கவில்லை என 1979இல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் காசநோய் போன்றவற்றைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது.

நம்மைக் காத்த மருந்து

இனி, மீதியிருந்த மாத்திரைக்கு வருவோம். சீழ்க்கட்டிக்கு மனிதன் கண்ட மாபெரும் மருந்து பெனிசிலின். பிளெமிங் 1928இல் கண்ட அந்தப் பூஞ்சைப் பொருளை ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் மருந்தாக்க முயன்றனர். 1940ஆம் ஆண்டு மே 25 அன்று எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்டது. நான்குக்கு மட்டும் பெனிசிலின் தரப்பட்டது. மறுநாள் காலையில் மருந்து பெறாத நான்கும் மாண்டு கிடந்தன. மற்றவை உயிரோடு இருந்தன. 1941 பிப்ரவரியில், முகமெல்லாம் சீழ்க்கட்டிகளோடு படுத்திருந்த காவலர் ஒருவருக்கு அது தரப்பட்டது. அவர் தேறத் தொடங்கினார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துபோனதால் அடுத்த மாதம் இறந்தார். இந்தச் சோகத்துக்குப் பின்னரே மருந்தைப் பெருமளவில் தயாரிக்கும் முயற்சி வேகம் பெற்றது.

1943ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எதிர்பாராத செய்தியை வெளியிட்டனர். சுண்டெலிக்கு அமுதமாக இருக்கும் பெனிசிலின், கினிப்பன்றிக்கு நஞ்சாகிறது! சிறிதளவு மருந்துகூடச் சில நாள்களில் அதைக் கொன்றுவிடுகிறது. ஆக்ஸ்போர்டுக் குழுவினர் சுண்டெலிக்குப் பதிலாகக் கினிப்பன்றியைத் தேர்ந்திருந்தால், இது ஆபத்தான பொருள் என்று கருதி மருந்தையே ஒதுக்கியிருக்கவும் கூடும்.

ஏன் இப்படி? பெனிசிலின் கினிப்பன்றியின் உடலை நேராகத் தாக்குவதில்லை. அதன் குடலில் வாழ்ந்து, தின்ற புல்லைச் செரிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களைத்தான் அது அழிக்கிறது. வயல் காலியானதும் களை முளைப்பதுபோல, மருந்துக்கு அடங்காத கிளாஸ்டிரிடியம் இனக் கிருமிகள் அங்கே பெருகி நஞ்சைக் கக்குகின்றன. கழிச்சல் கண்டு விலங்கு இறக்கிறது. 1977, 1978ஆம் ஆண்டுகளில் வெள்ளெலியிடமும் மனிதரிடமும் நடந்த ஆய்வுகளில்தான் இக்கிருமிகளின் பங்கு தெளிவாயிற்று.

இங்கே பாடம் திரும்பி நிற்கிறது. கினிப்பன்றிக்கு உதவியது மனிதனுக்கு உதவும் என்று காக் நம்பி ஏமாந்தார். மனிதனுக்கு உதவுவது கினிப்பன்றிக்கும் உதவும் என்று நாம் நம்பினால் அதன் உயிரே போய்விடும். தொண்டைப்புண்ணுக்கு நமக்குத் தரப்படும் அமாக்சிசிலின், பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தத் துண்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்! ஆம்பிசிலின், எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் ஆகியவையும் ஆகா. புண்ணில் தடவும் களிம்பில் இவை இருந்தாலும், அது நக்கிக்கொள்ளும், ஆபத்து ஒன்றே.

கட்டி கண்டால் என்ன செய்வது?

தாடைக்குக் கீழும் கழுத்திலும் வரும் வீக்கம் பெரும்பாலும் நெறிக்கட்டியே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி கினிப்பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழும். கூரான வைக்கோல் வாயில் குத்தினாலோ, பல் கோணலாக வளர்ந்து வாயைக் கிழித்தாலோ அது உள்ளே புகுந்து கழுத்துக் கணுக்களில் சீழ் கோக்கச் செய்யும். பல்வேரில் சீழ் கோத்தாலும் தாடை வீங்கும். இரண்டு ஆண் விலங்குகள் கடித்துக்கொண்டால் முதுகிலும் பின்புறத்திலும் கட்டி வரும். ஈரமான, கரடுமுரடான தரையில் நின்றால் பாதத்தில் வரும்.

முதுகின் கீழ்ப்பகுதியில் வலியின்றி மெல்ல வளரும் உருண்டை பெரும்பாலும் சீழ்க்கட்டி அன்று. மயிர்க்காலிலிருந்து எழும் தீங்கற்ற கழலை கினிப்பன்றிக்கு அடிக்கடி அங்கே வருவதுண்டு. எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டு வரும் கட்டியில் பற்பசை போன்ற வெண்பொருள் இருக்கும். சீழ்க்கட்டி சில நாள்களிலேயே வளரும், தொட்டால் சுடும், விலங்கு தீனியைக் குறைக்கும். ஆனாலும் கைத்தொடுகையை மட்டும் நம்பலாகாது. மருத்துவர் ஊசியால் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். ஆக்ஸ்டன் செய்ததும் இதுதானே!

கழலையை வீட்டில் பிதுக்கினால் அதன் பை உள்ளேயே கிழிந்து சீழ் பிடிக்கும். பை முழுவதும் வெளிவராவிட்டால் மீண்டும் வளரும். சீழ்க்கட்டியைச் சுற்றித் தடித்த உறை இருக்கும். கினிப்பன்றியின் சீழ் நீர்த்து ஓடாமல் கெட்டியாக இருக்கும். ஆகவே மருந்து மட்டும் தந்தால் அது உள்ளே எட்டாது. மருத்துவர் கீறிச் சீழை அகற்றிக் கழுவுவார். அல்லது உறையோடு கட்டியை முழுவதுமாக எடுத்துவிடுவார். கீறிய வாய் உடனே மூடிக்கொள்ளக் கூடாது. அடியிலிருந்து ஆறி வர வேண்டும். எனவே அவர் சொன்னபடி நாள்தோறும் கழுவி வர வேண்டியது உங்கள் பொறுப்பு. கினிப்பன்றிக்குப் பொருந்தும் மருந்துகளும் உண்டு. டிரைமெத்தோபிரிம் கலந்த சல்பா மருந்து, என்ரோஃபிளாக்சசின் ஆகியவை அவற்றுட் சில. அளவை எடை பார்த்து அவர்தாம் சொல்ல வேண்டும்.

புண் ஆற இன்னொன்றும் வேண்டும். கினிப்பன்றியும் மனிதனைப் போலவே வைட்டமின் சி-யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாத விலங்கு. நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃபுரோலிச் இருவரும் 1907இல் கினிப்பன்றிக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து, மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயை அதனிடம் உண்டாக்கிக் காட்டினர். அந்த வைட்டமின் குறைந்தால் காயம் கூடாது. நாள்தோறும் எடைக் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை தேவைப்படும். புல்லோடு கொத்தமல்லித் தழை, சிறு துண்டு கொய்யா கொடுத்தால் போதும். மலையூர்களில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. நோயுற்றதைத் தனியே வையுங்கள். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். ஒருநாள் முழுவதும் தீனி எடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரை எங்கே தேடுவது? சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கியபோது, அதன் கவனம் மாடு, குதிரை மீதே இருந்தது. இன்று மலையடிவாரத்துத் தேனியிலும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 'இத்தனூண்டு விலங்குக்கு மருத்துவமனையா?' என்று யாரேனும் சிரிக்கக்கூடும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். சீழ் எதனால் வருகிறது என்பதையும், காசநோய் எதனால் வருகிறது என்பதையும், கீரையும் கனியும் ஏன் வேண்டும் என்பதையும் நாம் கற்றது இவ்விலங்கின் உடலில்தான். நம் குழந்தைகளுக்குப் போட்ட ஊசியை நமக்கு முன்னே ஏற்றுக்கொண்டதும் இதுவே. நம் நோய்களை ஓராயிரம் முறை சுமந்ததற்கு அதன் நோயை ஒருமுறை கவனிப்பது பெரிய கைம்மாறு ஆகாது.